அமெச்சூர் என்பவர் யார்? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டும் வெளிநாட்டுப் பிள்ளைகளும்

ஒரு நண்பர் கேட்ட கேள்வியில் ஆரம்பித்தது இது. அவர் மகளுக்குப் பதினாறு வயது, டென்னிஸ் ஆடுகிறாள். சின்னச் சின்ன சர்வதேசப் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். "ஜெயிச்சா வர்ற பரிசுப் பணத்தை வாங்கலாமா? வாங்கினா அமெரிக்க காலேஜ்ல சேர்ந்து ஆட முடியாதுன்னு சொல்றாங்களே, நெஜமா?" என்று கேட்டார்.

நேரான கேள்வி. பதிலும் நாலு வரிக்கு மேல் இல்லை, கீழே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த நாலு வரி ஏன் அப்படி இருக்கிறது என்று தேடப்போனால் ஐம்பது வருடத்துக் கோர்ட் தீர்ப்புகள், பறிக்கப்பட்ட ஒரு கால்பந்துக் கோப்பை, ஒரு துருக்கிப் பையனின் கணக்கில் அதிகமாகிப்போன 33,033 டாலர் என்று கதை நீண்டுகொண்டே போகிறது. எல்லாவற்றையும் வாசித்த பிறகு எனக்குத் தெளிவானது ஒன்றுதான். இந்த விதிகள் பணத்தைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் தெரியும். ஆனால் நீ என்ன செய்தாய் என்பதைவிட, எந்த ஊரில் அதைச் செய்தாய் என்பதுதான் பல சமயம் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

முதலில் அடிப்படை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரும்பகுதியை ஆள்வது என்சிஏஏ என்ற சங்கம். 1906ல் தொடங்கியது. ஏறத்தாழ 1,100 கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் உறுப்பினர்கள், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இதன்கீழ் ஆடுகிறார்கள். அதில் 20,000 பேருக்கு மேல் வெளிநாட்டுப் பிள்ளைகள். டிவிஷன் ஒன்று எனப்படும் மேல்மட்டத்தில் ஆண்கள் டென்னிஸை எடுத்துக்கொண்டால் பாதிக்கும் மேல் வெளிநாட்டவர்தான்.

நம்மூர் யுனிவர்சிட்டி மேட்ச் மாதிரி நினைத்துவிடாதீர்கள். அங்கே கல்லூரிக் கால்பந்து ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் டிக்கெட் வாங்கி வருவார்கள். டிவி உரிமை பல நூறு கோடி டாலர்களுக்குப் போகும். கோச்சுக்கு ஆண்டுச் சம்பளம் பல மில்லியன். இத்தனைக்கும் நடுவே ஆடுகிற பிள்ளை மட்டும் அமெச்சூராக, அதாவது விளையாட்டுக்குக் கூலி வாங்காதவனாக இருக்க வேண்டும் என்பதுதான் சங்கத்தின் ஆதாரக் கொள்கை. படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு இவற்றை ஸ்காலர்ஷிப்பாகக் கொடுக்கலாம். அதற்குமேல் கொடுத்தால் அது சம்பளம், சம்பளம் பாவம்.

இந்த 'அமெச்சூர்' என்ற சொல்லின் பூர்வீகம் அவ்வளவு யோக்கியமானதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஹென்லி படகுப் போட்டியின் விதிகளில், கைத்தொழில் செய்பவர்களும் கூலியாட்களும் அமெச்சூர் ஆக முடியாது என்றே எழுதி வைத்திருந்தார்கள். போட்டியில் பணம் வாங்கினானா என்பது கூட இரண்டாம் பட்சம். உடம்பால் உழைத்துப் பிழைப்பவன் கனவான்களோடு துடுப்புப் போடக்கூடாது, அவ்வளவுதான். அமெரிக்கா அந்தச் சொல்லைக் கடன் வாங்கித் தன் தேவைக்கு வளைத்துக்கொண்டது. 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற பதத்தைக்கூட 1950களில் சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸ் காலத்தில்தான் பரப்பினார்கள். ஆட்டத்தில் அடிபட்டவர்களை 'ஊழியர்' என்று சொல்லி யாரும் நஷ்டஈடு கேட்டுவிடக்கூடாது என்பது அதன் ஒரு நோக்கம். பிற்காலத்தில் பையர்ஸே தான் கட்டிய அமைப்பைக் கடுமையாக விமர்சித்துப் புத்தகம் எழுதினார் என்பது தனிக்கதை.

சரி, இதில் வெளிநாட்டுப் பிள்ளைகள் எங்கே மாட்டுகிறார்கள்?

அமெரிக்காவில் ஒரு பிள்ளை விளையாட்டில் ஏறும் ஏணி பள்ளிக்கூடத்துக்குள் இருக்கிறது. ஹைஸ்கூல் டீம், அங்கிருந்து காலேஜ் டீம், அதற்குப் பிறகே தொழில்முறை ஆட்டம். மைதானம், கோச், சீருடை, பஸ் எல்லாம் பள்ளியின் செலவு. அதை யாரும் 'வீரருக்குக் கொடுத்த பணம்' என்று எழுதுவதில்லை. உலகின் மற்ற இடங்களில் ஏணி வேறு. மாட்ரிட்டிலோ இஸ்தான்புல்லிலோ பெல்கிரேடிலோ நன்றாகப் பந்து ஆடும் பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு க்ளப்பில் சேருவான். அதே க்ளப்பின் மேல்தட்டில் பெரிய தொழில்முறை அணி இருக்கும். க்ளப்பே ஹாஸ்டலில் தங்க வைக்கும், படிக்க வைக்கும், கைச்செலவுக்குக் கொடுக்கும். பதினாறு பதினேழு வயதில் திறமை இருந்தால் பெரியவர்களோடு இறக்கி விடுவார்கள். அந்த ஊரில் அதுதான் வழி, வேறு வழியே கிடையாது. ஆனால் என்சிஏஏ விதிப்புத்தகத்தின் கண்ணாடி போட்டுப் பார்த்தால் அதே பையன் தொழில்முறை அணியில் சம்பளத்துக்கு ஆடியவன்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

இது வெறும் கோணக் கோளாறு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. ஒரு காலத்தில் வெளிப்படையாகவே வெளிநாட்டவருக்கென்று ஒரு தனி விதி இருந்தது. அந்நிய நாட்டு மாணவர் ஒருவர் தன் பத்தொன்பதாவது பிறந்தநாளுக்குப் பிறகு தன் நாட்டில் ஏதாவது அணிக்கு ஆடியிருந்தால், அப்படி ஆடிய ஒவ்வொரு வருடமும் அவருடைய கல்லூரி ஆட்ட வருடங்களில் ஒன்றாகக் கழிக்கப்படும். பணம் வாங்கினாரா இல்லையா என்ற கேள்வியே இல்லை, ஆடினாலே போச்சு. ஒரு அமெரிக்க இளைஞன் பள்ளி முடித்து இரண்டு வருடம் உள்ளூர் க்ளப்பில் பந்து உதைத்துவிட்டு வந்தால் அவனுக்கு ஒரு கழிவும் கிடையாது.

இந்த விதி போய் மோதியது ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில். வாஷிங்டனில் உள்ள, கறுப்பின மக்களுக்கென்று தொடங்கப்பட்ட புகழ்பெற்ற பல்கலைக்கழகம். 1971ல் அதன் கால்பந்து அணி, ட்ரினிடாட்காரரான லிங்கன் ஃபிலிப்ஸ் பயிற்சியில், ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் இறுதிக்கு வந்து, அந்தக் காலத்தில் கல்லூரிக் கால்பந்தின் ராஜாவாக இருந்த செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தை 3-2 என்று வீழ்த்தியது. கறுப்பினக் கல்லூரி ஒன்று அந்த மட்டத்தில் கோப்பை வெல்வது அதுவே முதல் முறை. அணியில் பெரும்பாலோர் கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். என்சிஏஏ விசாரணை வைத்தது. சில வீரர்கள் தகுதியற்றவர்கள் என்று சொல்லிக் கோப்பையைப் பறித்தது. அவர்கள்மேல் சொன்ன குற்றங்களில் ஒன்று, ஊரில் இருந்தபோது அமெச்சூர் அணிகளில் ஆடினார்கள் என்பது. ஆமாம், அமெச்சூர் அணிகளில்தான்.

ஹோவர்ட் கோர்ட்டுக்குப் போனது. 1973ல் கீழ்க்கோர்ட்டும் 1975ல் மேல்முறையீட்டுக் கோர்ட்டும் அந்த அந்நிய மாணவர் விதி அரசியல் சட்டத்தின் சம உரிமைக்கு எதிரானது என்று தூக்கிப் போட்டன. ஹோவர்டுக்கு எதிராகச் சொல்லப்பட்ட மற்ற சில விதிகள் செல்லும் என்றும் சொல்லிவிட்டதால், கோப்பை திரும்பக் கிடைக்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1974ல், ஹோவர்ட் மறுபடியும் இறுதிக்குப் போனது. எதிரே மறுபடியும் அதே செயின்ட் லூயிஸ், அதுவும் அவர்கள் ஊரிலேயே. நான்கு முறை கூடுதல் நேரம் ஓடி 2-1 என்று ஜெயித்தது. இந்தக் கோப்பையை யாரும் பறிக்கவில்லை.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. சங்கம் 'அந்நியர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, இருபது வயதுக்குப் பிறகு யார் எங்கே போட்டிகளில் ஆடினாலும் வருடம் கழியும் என்று 1980ல் பொதுவாக எழுதிக்கொண்டது. எழுத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் இருபதுக்குப் பிறகு கல்லூரிக்கு வருகிறவர்கள் யார் என்று பார்த்தால், ராணுவ சேவை முடித்து வரும் இஸ்ரேல்காரர், படிப்பு முறையே நீளமான ஐரோப்பியர் என்று பட்டியல் போகும். ட்யூக் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஒரு இஸ்ரேலிய டென்னிஸ் வீரருக்கு அதுதான் நடந்தது. ராணுவத்தில் இருந்துவிட்டு, சில வருடம் போட்டிகள் ஆடிவிட்டு, 24 வயதில் சேர்ந்தார். முதல் வருடம் ஆடியதோடு உன் கணக்கு முடிந்தது என்றார்கள். வழக்குப் போட்டார். விதியின் உள்நோக்கமே வயதில் மூத்த வெளிநாட்டு டென்னிஸ்காரர்களை விலக்குவதுதான் என்று வாதாடினார்.

1984ல் வந்த அந்தத் தீர்ப்பு, அர்லோசோரோஃப் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. விதி நியாயமா என்ற கேள்விக்குள் கோர்ட் போகவே இல்லை. என்சிஏஏ அரசு இல்லை, தனியார் சங்கம், அரசியல் சட்டத்தின் சமத்துவம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் சங்கத்தை அல்ல என்று சொல்லி முடித்துவிட்டது. நான்கு வருடம் கழித்து, 1988ல், டார்கானியன் என்ற கூடைப்பந்து கோச்சின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே 5-4 என்ற கணக்கில் அதையே உறுதி செய்தது. ஹோவர்ட் உடைத்துத் திறந்த கதவு இப்படித்தான் சாத்தப்பட்டது. என்னைக் கேட்டால் இந்த மொத்தக் கதையில் முக்கியமான திருப்பம் இதுதான். அதற்குப் பிறகு ஒரு வெளிநாட்டு வீரர் 'என்னைப் பாரபட்சமாக நடத்துகிறார்கள்' என்று அரசியல் சட்டத்தைக் காட்டி வழக்காட முடியாது. வேறு கதவு தேட வேண்டும். அது கிடைக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

இடைப்பட்ட காலத்தில் எனஸ் கான்டர் வந்தார். துருக்கியில் ஃபெனர்பாச்சே க்ளப்பில் வளர்ந்த, கிட்டத்தட்ட ஏழடி உயரப் பையன். 2009ல் அமெரிக்காவுக்கு வந்து ஒரு வருடம் பள்ளியில் படித்துவிட்டு, 2010ல் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். என்சிஏஏ கணக்குப் போட்டுப் பார்த்தது. விதிப்படி, ஒரு க்ளப் வீரருக்கு அவருடைய 'உண்மையான, அவசியமான செலவு'களைத் தரலாம். பயணம், சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி இத்யாதி. 2008-09 சீசனில், அதாவது அவருக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, க்ளப்பிலிருந்து வந்த தொகை அந்த அவசியச் செலவைவிட 33,033 டாலர் அதிகம் என்றார்கள். தீர்ப்பு: நிரந்தரத் தகுதியிழப்பு. சில ஆட்டங்கள் உட்கார வைப்பது, பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வது என்ற பேச்சே இல்லை. கென்டக்கி மேல்முறையீடு செய்தது, 2011 ஜனவரியில் அதுவும் தோற்றது. கான்டர் கல்லூரி அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாமல், உதவி கோச் என்ற பெயரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்த வருடம் என்பிஏ தேர்வில் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டார். அவருக்கு நஷ்டம் ஒன்றும் பெரிதில்லை என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். மூன்றாவதாக எடுக்கப்படும் அளவுக்கு உயரமில்லாத பையன்களுக்கு அந்த ஆறுதல் கிடையாது.

இதன் பக்கத்தில் க்ரிஸ் வைங்கியை வைத்துப் பாருங்கள். 1990ல் டொரொன்டோ ப்ளூ ஜேஸ் பேஸ்பால் நிறுவனத்தோடு கான்ட்ராக்ட் போட்டு, ஆறு சீசன் தொழில்முறை பேஸ்பால் ஆடிய அமெரிக்கர். பிறகு ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்து அமெரிக்கக் கால்பந்து ஆடினார். 2000ல் கல்லூரிக் கால்பந்தின் மிகப்பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கும்போது அவருக்கு வயது 28. விதிமீறல் எதுவும் இல்லை. ஒரு விளையாட்டில் தொழில்முறை வீரராக இருந்தாலும் இன்னொரு விளையாட்டில் அமெச்சூராக இருக்கலாம் என்று 1974லேயே விதியைத் திருத்திவிட்டார்கள். தர்க்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. வேறு விளையாட்டு, வேறு திறமை. ஆனால் ஆறு வருடம் சம்பளம் வாங்கிய வளர்ந்த ஆள் அமெச்சூர், பதினாறு வயதில் க்ளப் கொடுத்ததை வாங்கிய பையன் தொழில்காரன் என்று ஒரே புத்தகம் சொல்லும்போது, அந்தப் புத்தகம் எந்த ஊர் ஏணியைப் பார்த்து எழுதப்பட்டது என்பது புரிந்துவிடுகிறது.

நீச்சல் குளத்தில் இதையே இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கினால் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி ஊக்கத்தொகை தரும், 2016ல் தங்கத்துக்கு 25,000 டாலர். கல்லூரியில் படிக்கும் அமெரிக்கர் அதை வாங்கிக்கொள்ளலாம் என்று 2001லேயே விதிவிலக்கு கொடுத்தார்கள். பக்கத்துத் தடத்தில் நீந்தும் வெளிநாட்டு மாணவர் தன் நாட்டு ஒலிம்பிக் கமிட்டியிடம் அதே மாதிரி வாங்கினால் தகுதி போய்விடும். இந்த ஓரவஞ்சனையைச் சரிசெய்ய 2015 வரை ஆனது. நல்லவேளையாக அடுத்த வருடமே அது பயன்பட்டது. டெக்சஸ் பல்கலைக்கழக மாணவரான சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங், ரியோவில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸை முந்தித் தங்கம் வாங்கினார். சிங்கப்பூருக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். பத்து லட்சம் சிங்கப்பூர் டாலர் பரிசு. அதை வைத்துக்கொண்டு டெக்சஸுக்குத் திரும்பிப் போய் அமெச்சூராகவே நீந்தினார். இரண்டு வருடம் முன்னால் ஜெயித்திருந்தால் பணமா, கல்லூரி அணியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். டென்னிஸில் பல வருடமாக இருந்துவந்த விதி இது: கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேருவதற்கு முன்னால், ஒரு காலண்டர் வருடத்தில் 10,000 டாலர் வரை பரிசுப் பணம் வாங்கலாம், கேள்வி கிடையாது. அதற்கு மேல் வந்தால், அந்தந்தப் போட்டிக்கு ஆன உண்மையான, அவசியமான செலவு அளவுக்கு மட்டும் வாங்கலாம். ஆகவே ஃப்ளைட் டிக்கெட், ஓட்டல் பில், பந்தயக் கட்டணம், ராக்கெட் நரம்பு மாற்றிய சீட்டு உட்பட ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள் என்று அவரிடம் சொன்னேன். கான்டருக்கு வந்த வினை, அவசியச் செலவைவிட அதிகமாக வாங்கினார் என்று கணக்குப் போட்டதால் வந்ததுதான்.

பணத்தைவிட நம்மூர்ப் பெற்றோர் அதிகம் மாட்டும் இடம் நேரம். ப்ளஸ் டூ முடித்ததும் 'ஒரு வருஷம் டூர்ல ஆடிப் பார்க்கட்டும், சரிவரலைன்னா காலேஜ்' என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலான விளையாட்டுகளில் பள்ளி முடித்தபின் ஒரு வருட அவகாசம் உண்டு, டென்னிஸுக்கு மட்டும் ஆறே மாதம் என்று வைத்திருந்தார்கள். அதைத் தாண்டிப் போட்டிகளில் ஆடினால் ஒவ்வொரு வருடத்துக்கும் கல்லூரித் தகுதியில் ஒரு வருடம் கழியும், சேர்ந்த பிறகு முதல் வருடம் வெளியே உட்காரவும் வேண்டும். நாட்டுக்கான ராணுவ சேவைக்கும், மதப் பணிக்காகப் போகும் பயணத்துக்கும் விலக்கு உண்டு. யூட்டாவில் பெரிய மார்மன் பல்கலைக்கழகம் ஒன்று இருப்பதை நினைத்துக்கொண்டால் இரண்டாவது விலக்கின் பயன் புரியும்.

ஒழுங்காகப் போனால் இந்த வழி எவ்வளவு பலன் தரும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஆட்கள் உண்டு. சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு வருடமும் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வாங்கினார். படிப்பை முடித்துத் தொழில்முறைக்கு வந்த சில மாதங்களில், 2009 ஜனவரியில், நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓபன் இறுதிவரை வந்தது பலருக்கு நினைவிருக்கும். டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தேஜஸ்வின் சங்கர் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2018லும் 2022லும் என்சிஏஏ உயரம் தாண்டுதலில் முதலில் வந்தார். அத்லெடிக்ஸில் பெரிய பரிசுப் பணம் இல்லை என்பதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு, டென்னிஸும் கூடைப்பந்தும் ஐஸ் ஹாக்கியும்தான் வலை விரித்து வைத்திருக்கும் இடங்கள்.

ஐஸ் ஹாக்கி பெரிய கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். கனடாவில் 16 முதல் 20 வயதுக்குள் உள்ள நல்ல ஆட்டக்காரர்கள் ஆடும் மேஜர் ஜூனியர் என்ற லீக் அமைப்பு இருக்கிறது. கைச்செலவுக்குச் சிறு தொகை கொடுப்பார்கள். சிலர் என்ஹெச்எல் அணிகளோடு கான்ட்ராக்ட் போட்டிருப்பார்கள். அது போதும் என்று என்சிஏஏ அந்த லீக் முழுவதையுமே தொழில்முறை என்று முத்திரை குத்திவிட்டது. தான் ஒரு காசு வாங்காவிட்டாலும், கான்ட்ராக்ட் போட்டவர் பக்கத்தில் நின்று ஆடியதாலேயே ஒருவர் தீட்டுப்பட்டவர் ஆனார். பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை, மேஜர் ஜூனியரா, அமெரிக்கக் கல்லூரியா என்று அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும், முடிவை மாற்ற முடியாது. அதே பிள்ளைகளைக் கனடாப் பல்கலைக்கழகங்கள் தங்கள் அணியில் தாராளமாகச் சேர்த்துக்கொண்டன.

2024 ஆகஸ்டில் பாதிக்கப்பட்ட ஒருவர் சார்பில் வழக்குப் போட்டார்கள். அரசியல் சட்டக் கதவு மூடியிருந்ததால் இந்த முறை போன கதவு போட்டித் தடுப்புச் சட்டம், அதாவது வியாபாரிகள் கூட்டுச்சேர்ந்து விலையைக் கட்டுப்படுத்தக்கூடாது என்ற சட்டம். அந்தக் கதவை 2021ல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று அகலத் திறந்து வைத்திருந்தது. வழக்குப் போட்ட மூன்றே மாதத்தில், நவம்பரில், என்சிஏஏ விதியை மாற்றிக்கொண்டது. 2025 ஆகஸ்டிலிருந்து மேஜர் ஜூனியர் ஆடியவர்களும் கல்லூரிக்கு வரலாம். கனடாவின் அந்தத் தலைமுறையின் மிகப்பெரிய நம்பிக்கை என்று பேசப்பட்ட கேவின் மெக்கென்னா உடனே பென் ஸ்டேட்டில் சேர்ந்தார். டென்னிஸ் பரிசுப் பண விதிக்கு எதிராகவும் 2024ல் ஒரு அமெரிக்க வீராங்கனை இதே சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டார், அந்த வேலியும் ஆட ஆரம்பித்துவிட்டது.

கூடைப்பந்தில் வேலியே இல்லை என்கிற நிலை. 2025 டிசம்பரில் ஜேம்ஸ் நாஜி என்ற நைஜீரியர் பெய்லர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பார்சலோனாவின் முதல் அணியில் ஆடியவர், 2023ல் என்பிஏ தேர்விலேயே 31வது ஆளாக எடுக்கப்பட்டவர். அவருக்கு ஆடத் தகுதி உண்டு என்றது என்சிஏஏ. கோச்சுகள் கொதித்துப் போனார்கள். கடுமையாகப் பேசியவர்களில் ஒருவர் ஜான் காலிபாரி, 2010ல் கென்டக்கியில் கான்டரின் கோச்சாக இருந்தவர். என்பிஏ கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் அனுமதிக்க மாட்டோம் என்று சங்கத் தலைவர் சார்லி பேக்கர் விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. பதினைந்து வருடத்தில் கோடு 33,033 டாலரிலிருந்து என்பிஏ கையெழுத்து வரைக்கும் நகர்ந்திருக்கிறது.

அப்படியானால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு விடிந்துவிட்டதா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டேன் என்கிறார்.

2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம். விளம்பரம், சமூக வலைத்தளம், கையெழுத்து விற்பனை எல்லாம் சரி. 2025 ஜூனில் ஹவுஸ் வழக்குச் சமரசத்தை நீதிபதி க்ளாடியா வில்கன் ஏற்றுக்கொண்ட பிறகு, கல்லூரிகளே நேரடியாகத் தங்கள் வீரர்களுக்குப் பணம் தரலாம், முதல் வருடத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. ஆனால் வெளிநாட்டு மாணவர்கள் வருவது பெரும்பாலும் எஃப்-1 விசாவில். அந்த விசாவில் கல்லூரி வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், வெளியே தனி அனுமதி இல்லாமல் வேலை பார்க்கக்கூடாது. விளம்பரத்துக்கு நடித்தால் அது வேலை. மீறினால் போவது ஆட்டத் தகுதி இல்லை, விசாவே போகும். அமெச்சூர் விதியை மீறியவனை என்சிஏஏ பெஞ்சில்தான் உட்கார வைக்கும், குடிவரவுத் துறை விமானத்தில் ஏற்றிவிடும்.

காங்கோவைச் சேர்ந்த ஆஸ்கர் ட்ஷீப்வே 2022ல் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர். கென்டக்கியில் அவர் முகம் இல்லாத கடை இருக்க முடியாது என்ற அளவுக்குப் புகழ். அவர் விளம்பர வேலையைச் செய்தது பஹாமாஸில், அந்தக் கோடையில் அணி அங்கே ஆடப் போயிருந்தபோது. அமெரிக்க மண்ணில் செய்தால்தானே விசாப் பிரச்சினை? கனடாவின் ஜாக் ஈடி 2023, 2024 இரண்டு வருடமும் அதே விருதை வாங்கினார், அவருக்கும் இதே இழுபறி. சகவீரர் உள்ளூர்க் கார் கடையில் நின்று படம் எடுத்துக்கொண்டு சம்பாதிக்க, அணியின் நட்சத்திரம் வக்கீலிடம் கேட்டுவிட்டுத்தான் டீ-ஷர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு காலத்தில் பணம் வாங்கியதற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள், எல்லோரும் வாங்கலாம் என்று ஆன பிறகு வாங்க முடியாதவர்களாக நிற்கிறார்கள். கல்லூரி நேரடியாகத் தரும் பணம் 'வேலைக்கான சம்பளம்' ஆகுமா, பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்கான தொகை ஆகுமா என்பதில் பல்கலைக்கழக வக்கீல்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். சர்வதேசத் தரத்து வீரர்களுக்கான பி-1 விசாவுக்கு மாறலாம் என்று சிலர் முயல்கிறார்கள். விளையாட்டு வீரர் படிக்கிறாரா, படிப்பவர் விளையாடுகிறாரா என்ற பழைய கேள்வி அங்கே புது உருவத்தில் வருகிறது, இந்த முறை கேட்பது தூதரகம்.

நண்பரிடம் கடைசியாகச் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, ஏஜென்ட் என்று யார் வந்து எந்தக் காகிதத்தை நீட்டினாலும் இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம். இரண்டு, யூடியூப் ஆலோசகர்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காமல், அவள் சேரப்போகும் வருடத்து என்சிஏஏ விதிப்புத்தகத்தைப் பார்க்கச் சொன்னேன். இலவசமாகவே கிடைக்கிறது. அமெச்சூர் விதிகள் எல்லாம் பன்னிரண்டாம் பிரிவில் இருக்கும். நானூறு பக்கத்துக்கு மேல் போகும் புத்தகத்தில் அந்தப் பிரிவைத்தான் வருடா வருடம் அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.